‘வேண்டும்’ என்னும் ஒரு சொல்

குண்டசாலையிலிருந்து என்னிடம் பாடங்கேட்க வரும் மாணவர் ஒருவர், நற்சான்றிதழ் வேண்டித் தம் பழைய அதிபருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் காட்டினார். ‘தாங்கள் எனக்கு நற்சான்றிதழ் தந்துதவ வேண்டும்’ என்பது அவர் மனத்திலிருந்த வாக்கியம். பணிவுக்கு அதிற் குறைவில்லை. ஆனால் ‘வேண்டும்’ என்பதற்கு அவர் ‘மஸ்ட்’ என எழுதிவிட்டார். விண்ணப்பம் கட்டளையாயிற்று!

மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. கடவுளிடம் இரப்பதற்கும் ‘வேண்டும்’; பிள்ளையை அதட்டுதற்கும் ‘வேண்டும்’. குரலும் முறையும் நமக்கு வேற்றுமையை உணர்த்திவிடுகின்றன. ஆங்கிலமோ அவ்வேலையைப் பல துணைவினைகளுக்குப் பகிர்ந்தளித்திருக்கிறது. சொல்லுவோனே வற்புறுத்துங்கால் ‘மஸ்ட்’. புறத்தேயுள்ள நிலைமை கட்டாயப்படுத்துங்கால் பெரும்பாலும் ‘ஹேவ் டு’; கண்டி பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே எழவேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவே பொருந்தும். அறிவுரைக்கு ‘ஷுட்’. பெற்றோரைப் பேணல் போன்ற அறக்கடமைக்கு ‘ஓட் டு’ சிறக்கும். ‘ஹேட் பெட்டர்’ என்பதில் அறிவுரையோடு எச்சரிக்கையும் உண்டு: குடை கொண்டு போ, இல்லையேல் நனைவாய்.

எதிர்மறையிலேதான் ஆபத்து. ‘இம்மருந்தை வெறுவயிற்றில் உட்கொள்ள வேண்டாம்’ என்பது தமிழில் தடை. அதனை ‘நீட் நொட்’ என்று பெயர்த்தால், ‘வெறுவயிற்றில் உட்கொள்ளவேண்டிய அவசியமில்லை, விரும்பினால் உட்கொள்ளலாம்’ என்றாகிவிடும். தடைக்கு உரியது ‘மஸ்ட் நொட்’. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.

சட்டநூலார் கையாள்வது ‘ஷல்’. எதிர்காலம்போலத் தோன்றினும் அது கட்டளையே. சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் நின்ற வினை அது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தபோதும் நின்ற வினை அதுவே. சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தை யாரேனும் நீட்டுங்கால், சட்டம் ‘ஷுட்’ என்று அறிவுரை கூறவில்லை, ‘ஷல்’ என்று ஆணையிட்டிருக்கிறது என எடுத்துரைக்க நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம்.

நிற்க, மாணவரின் கடிதத்துக்கு வருவோம். ‘ஐ ஷுட் பி கிரேட்ஃபுல்’ எனத் தொடங்குமாறு திருத்திக் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “சேர், ‘ஷுட்’ அறிவுரைக்கு என்றீர்களே, இங்கே யார் யாருக்கு அறிவுரை கூறுகிறார்கள்?” என்றார். கெட்டிக்காரர்! அந்த ‘ஷுட்’டின் கதை தனிக்கதை, அடுத்த ஞாயிறு காண்போம்.