ஏற்காட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு: ஊர் சுற்றும் உரிமை யாருக்கு?

நண்பர்கள் ஐந்து பேர் முதல்முறையாக ஐரோப்பா போகத் திட்டமிட்டிருக்கிறோம். பாரிஸ், பெர்லின், பிராக் என்று ஊர்களின் பட்டியல் ஒரே இரவில் தயாராகிவிட்டது. அதன்பிறகு மாதக்கணக்கில் எங்கள் வாட்ஸப் குழுவில் ஓடிக்கொண்டிருப்பது இன்னொரு பட்டியல். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, முன்பதிவு செய்த விடுதி, திரும்பி வரும் டிக்கெட். ஷெங்கன் விசா வாங்க இவை வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, ஏறத்தாழ 9 ஆயிரம் ரூபாய். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. 2024-ல் இந்தியாவிலிருந்து போன 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன.

எங்களில் ஒருவர் சேர்வராயன் மலைக்காரர், மலையாளிப் பழங்குடி. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நண்பர் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது. அதனால் வங்கிக் கணக்கில் வரவு இல்லை. குடும்பம் பரம்பரையாக உழும் நிலத்துக்குப் பட்டா இல்லை. விசா ஏஜெண்ட் ஒருவர் அவருடைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க திரும்பி வருவீங்கன்னு எதை வச்சு நம்புவாங்க?" என்று கேட்டார்.

விசா மறுக்கும்போது ஐரோப்பியத் தூதரகங்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று இதேதான்: விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. இந்தச் சந்தேகத்தைப் போக்க நிரந்தர வேலை, சொத்து, சேமிப்பு எல்லாம் காட்ட வேண்டும். படிவத்தில் எங்கேயும் சாதி கேட்கப்படவில்லை. ஆனால் இந்த நாட்டில் சாதி யார் யாருக்கு எதைப் பங்கிட்டுக் கொடுத்ததோ, அது மட்டும்தான் கேட்கப்படுகிறது.

துரை எந்தக் காகிதம் காட்டினார்?

ஏற்காட்டுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு கதை சொல்வார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டார். ஆரஞ்சும் பேரிக்காயும் அப்படியே வந்தன. பிறகு எஸ்டேட்டுகள், பங்களாக்கள், மாதா கோயில்கள், கான்வென்ட் பள்ளிகள். சமவெளியின் வெயில் தாங்காத துரைகளுக்கு மலைமேல் ஒரு குட்டி ஐரோப்பா. மோட்டார் சாலை வருவதற்கு முன் அவர்கள் குதிரையில் ஏறினார்கள். அல்லது டோலியில் உட்கார, நம் ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தூக்கிச் சுமந்தவர்களின் பெயரில் அங்கே ஒரு கல்கூட இல்லை.

காக்பர்ன் மலையேறியபோது சேர்வராயன் மலை மக்களிடம் ஆறு மாத வங்கி அறிக்கை காட்டவில்லை. திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. காலங்காலமாகப் புழங்கிய காடும் நிலமும் எஸ்டேட் ஆனது, ரிசர்வ் காடானது. மலை மக்கள் தங்கள் மலையிலேயே கூலிகளானார்கள். நடந்த அநீதியைச் சரிசெய்வதாகச் சொல்லி நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது 2006-ல். அந்த உரிமைக்கான காகிதம் பல வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. நிலத்தைக் கொண்டுபோனவர்களின் கண்டத்தைச் சுற்றிப் பார்க்க, அந்த நிலத்துக்கே பத்திரம் காட்டு என்கிறார்கள். இதைவிடப் பெரிய கேலி என்ன இருக்கிறது?

ஐரோப்பாவை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. பழங்குடிகளின் பயணத்தை நம் அரசுகளும் இப்படித்தான் நடத்துகின்றன. சேலம் மாவட்டத்தில் மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர். பக்கத்தில் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. பட்டியலில் அந்தச் சாதிப் பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்களின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். பிழைக்க வெளியே போனால் என்ன ஆகிறது? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் மலையாளிப் பழங்குடிகளும் உண்டு. கூலிக்கு எல்லை தாண்டினால் துப்பாக்கி, வேடிக்கை பார்க்க எல்லை தாண்டினால் சந்தேகம்.

சாதி என்பது நடமாட்டத்தின் சட்டம்

"புரட்சி பேசிவிட்டு ஐரோப்பா டூரா?" என்று இயக்கத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதி என்பது தொடக்கத்திலிருந்தே யார் எங்கே நடக்கலாம் என்ற சட்டம்தான். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழையக்கூட நடக்கவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்க நடந்தது. தெருவில் நடப்பது நம் அரசியல் என்றால், வேறு நாட்டின் தெருவில் காலாற நடப்பது மட்டும் எப்படி ஆடம்பரமாகும்?

கடலுக்கும் இதே சட்டம் இருந்தது. கடல் கடந்தால் தீட்டு என்று சாஸ்திரம் பேசி, போய் வந்தவர்கள் பிராயச்சித்தம் செய்துகொண்ட அதே நூற்றாண்டில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும், 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குத் தீட்டுமில்லை, பிராயச்சித்தமுமில்லை. ஒரு சாரார் கடல் கடந்தால் மேல்படிப்பு. இன்னொரு சாரார் கடந்தால் கூலி. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில், குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு இன்றும் இருக்கிறது. 2018-ல் அவர்களுக்குத் தனியாக ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் கொடுக்கப்போவதாகவே ஒன்றிய அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்தபிறகுதான் கைவிட்டது.

படிப்பு வழியாகப் போகலாமே என்பார்கள். பட்டியல் சாதி உள்ளிட்ட சில பிரிவுகளின் மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 125 இடங்கள்தான், அதுவும் நாடு முழுவதற்கும். 2022-ல் அதிலும் ஒரு விதி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆய்வு செய்ய இந்தப் பணம் கிடையாது. அதாவது, வெளிநாட்டுக்குப் போ, ஆனால் சாதியைப் பற்றி ஆராயாதே. 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் வெளிநாடு போனால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். தங்கப் பதக்கம், ஆராய்ச்சி, மாநாடு என்று ஏதாவது. சுவிட்சர்லாந்தில் பனியைப் பார்க்கப் போகும் ஆதிக்கசாதிக் குடும்பத்திடம் 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று யாரும் கேட்பதில்லை. கூடவே சமையல்காரரை அழைத்துக்கொண்டு, சுத்த சைவச் சாப்பாட்டோடு ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டும் டூர்கள் இருக்கின்றன. பிராயச்சித்தத்தின் இன்றைய வடிவம் அது, ஆல்ப்ஸ் மலையிலும் பந்தி தனி. பழங்குடிப் பையன் ஒருவன் பனி எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க மட்டுமே போகக் கூடாதா? போகலாம். ஓய்வும் வேடிக்கையும் உரிமைகள்தான்.

பெரியார் போன பயணம்

நண்பர்களோடு முதல்முறை ஐரோப்பா போவதற்கு நம் இயக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1931 டிசம்பர் 13 அன்று பெரியார், எஸ். இராமநாதன், ஈரோடு இராமு ஆகிய மூவரும் சென்னைத் துறைமுகத்தில் 'அம்போய்ஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். அப்போது பெரியாருக்கு வயது 52. எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போய் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார்கள். பிறகு ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று பயணம் நீண்டது. 1932 நவம்பரில்தான் பெரியார் ஈரோடு திரும்பினார்.

அவர் அருங்காட்சியகம் பார்த்தார், தொழிற்சாலை பார்த்தார், பெர்லினில் நிர்வாணச் சங்கத்தையும் போய்ப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றிலும் ஆர்வம் இருந்தது, எதன் முன்னாலும் கும்பிடு இல்லை. 1932 ஜூனில் இங்கிலாந்தின் மெக்ஸ்பரோவில் சுரங்கத் தொழிலாளர்களின் பெருங்கூட்டத்தில், தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரி இருந்த மேடையிலேயே, இந்தியத் தொழிலாளர்களுக்கு உங்கள் கட்சி என்ன செய்தது என்று கேட்டார். விருந்தாளியாகப் போனவர் கணக்குக் கேட்டுவிட்டு வந்தார்.

திரும்பும்போது அவர் கொண்டுவந்தது என்ன? ஸ்ரீ, ஸ்ரீஜத், மகாஸ்ரீ என்ற மரியாதை அடைமொழிகளையெல்லாம் விட்டுவிட்டு, எல்லோரையும் 'தோழர்' என்று அழையுங்கள் என்று இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டம் உருவானது. சாக்லேட் டப்பாவைவிட நல்ல பரிசு.

அந்தப் பயணத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூவரும் ஆண்கள். பெரியார் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் போக முடிந்ததற்கு அந்த வசதியும் ஒரு காரணம். ஒடுக்கப்பட்டவர்களுக்கு வழி இன்னும் நீண்டது. 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசன் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 71. அந்தக் குறைகளைச் சரிசெய்வது இன்று நம் கையில் இருக்கிறது.

எப்படிப் போவது?

எங்கள் குழுவில் இரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். உங்கள் குழுவுக்கும் உதவக்கூடும்.

செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கவில்லை. வருமானத்துக்கு ஏற்பப் போடுகிறோம். தலைக்கு ஒரே தொகை என்பது கேட்கச் சமத்துவம் போலத் தோன்றும். அப்பாவிடம் வாங்கிப் போடுகிறவருக்கும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைப் போடுகிறவருக்கும் அது ஒரே தொகை அல்ல. விசா மறுக்கப்பட்டால் அந்த நட்டம் ஐவருக்கும் பொது. யாருடைய ஆவணம் பலவீனமோ அவருடையதை முதலில் சரிசெய்கிறோம். சம்பளத்தை வங்கி வழியாகக் கேட்டு வாங்குவதே எங்கள் ஆசிரிய நண்பருக்கு ஒரு சிறிய போராட்டமாகிவிட்டது. அதில் அவர் வென்றிருக்கிறார். ஐரோப்பா போகாவிட்டாலும் அந்த வெற்றி அவருக்கு மிச்சம்.

அவருக்கு மட்டும் விசா மறுக்கப்பட்டால்? 'அப்படியானால் யாரும் போகக் கூடாது' என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைத் தியாகி ஆக்காதீங்க. நீங்க போங்க. ஆனா மறுத்த கடிதத்தை நான் சும்மா விடப்போறதில்லை, மேல்முறையீடு போடுவேன், அதுக்குச் செலவு பண்ணுங்க" என்றார். எங்கள் பெருந்தன்மையைவிட அவர் கேட்டது சரி. ஒடுக்கப்பட்ட நண்பருக்காக நாம் நம் இன்பத்தைத் துறப்பது எளிது, அதில் நமக்குப் பெருமையும் கிடைத்துவிடுகிறது. அவரோடு நின்று தாள்மேல் தாளாகச் சண்டை போடுவதுதான் கடினம்.

போன பிறகு என்ன செய்வது என்பதும் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவைச் சமத்துவபுரி என்று நினைத்து வாய்பிளக்கப் போவதில்லை. ரோமா மக்கள் அங்கே இன்றும் ஒதுக்கப்படுகிறார்கள். சாதியும் விமானம் ஏறிப் போயிருக்கிறது. பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013-ல் நாடாளுமன்றம் வழிசெய்தது. 2018-ல் அரசு அதைச் செய்யப்போவதில்லை என்று பின்வாங்கியது. ஐஃபில் கோபுரத்தின் முன் படம் எடுப்போம், கட்டாயம் எடுப்போம். பாரிஸின் லா சப்பல் தெருவில் தமிழ்க் கடைகளின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் தோழர்களிடமும் பேசுவோம். இங்கே விசா எப்படிக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவர்களைக் கேட்போம்.

தோழர்களே, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். போகும் இடம் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்தான். வீட்டில் பாஸ்போர்ட் வாங்கும் முதல் ஆள் நீங்களாக இருந்தால், தங்கைக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் புத்தகம் அலமாரியில் சும்மா கிடந்தாலும், 'இவர்கள் எங்கே போகப்போகிறார்கள்' என்று நினைத்த ஊருக்கு அது ஒரு பதில்.