இலுப்பைப் பூவும் சர்க்கரையும்

பணவீக்கம் என்னும் சொல் பத்திரிகைகளில் நாடோறும் வழங்குகின்றது. அதன் பொருள் யாதென வினவின், அறிஞரிடை இன்னும் ஒருமைப்பாடில்லை. சொல்லைப் பிரித்து நோக்குமிடத்து வீங்குவது பணமேயன்றி விலையன்று. ஆங்கிலத்திலும் அதற்குரிய சொல் முதற்கண் நாணயப் பெருக்கத்தைக் குறித்துப் பின்னரே விலையேற்றத்திற்கு ஆகிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தே, 1939 முதல் 1945 வரை, இந்தியாவில் வழங்கிய நோட்டுகள் பன்மடங்கு பெருகின. சர்க்கார் பல பண்டங்களுக்குக் கட்டுப்பாட்டு விலை விதித்தமையால், அப்பெருக்கம் முழுவதும் விலைப்பட்டியலில் தோன்றவில்லை. அவ்விலைக்குப் பண்டம் அகப்பட்டதா என்பது வேறு கதை. 2023 ஜூலையிலோ, தக்காளி விலை ஏறித் தமிழ்நாட்டரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததற்கு ஏது வரத்துக் குறைவேயாம். முன்னதைப் பணவீக்கமெனவும் பின்னதை விலையேற்றமெனவும் வேறு பிரித்து வழங்குதலே தக்கதென்பது நம் கருத்து.

இனி, அளக்கும் முறையைப் பார்ப்போம். ஜெர்மானியராகிய லாஸ்பியர்ஸ் 1871-இல் வகுத்த முறைப்படி, பழைய ஆண்டொன்றில் மக்கள் வாங்கிய பண்டங்களை ஒரு கூடையாகக் கொண்டு, அதே கூடைக்கு இன்று எவ்வளவு பணம் வேண்டும் எனக் கணிப்பர். விலையேறியதை விடுத்து மலிவானதை மக்கள் கொள்வராதலின், இம்முறை ஏற்றத்தை மிகைபடக் காட்டும் என்பது ஒருசாரார் வாதம். 1996-இல் அமெரிக்காவின் பாஸ்கின் குழுவினர், இதனையும் பிற காரணங்களையும் கூட்டி, அந்நாட்டுக் குறியீட்டெண் ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டுப் புள்ளி மிகையென்றனர்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை என்பர் நம்மவர். இலுப்பையின் பெயர் ஒலிக்கும் இலுப்பூரில் இப்பழமொழியை நினையாதார் யார்? ஆயின் அது பூவைச் சர்க்கரைக்கு நிகராக்கவில்லை. வேறு வழியின்மையையே உரைக்கின்றது. நல்லெண்ணெயை விட்டுப் பாமாயிலுக்கு இறங்கிய குடும்பத்தின் செலவு ஏறவில்லையெனக் கணக்கர் எழுதலாம்; அக்குடும்பத்தின் இழப்பு அவ்வேட்டில் எங்கே?

கூடை பழசாயின் வரும் கேடு இதனினும் பெரிது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, வேளாண் தொழிலாளர் குறியீட்டெண்ணை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்தது. 2025 வரை அவ்வெண்ணின் அடியாண்டு 1986-87. கூடையோ 1983-ஆம் ஆண்டுச் செலவுக் கணக்கு! அதில் கைப்பேசிக் கட்டணத்திற்கு இடமேது? இலுப்பூர் வட்டத்தில் மழையை நம்பும் காட்டில் களையெடுப்பவள், தான் பிறவாமுன் வாங்கிய பண்டங்களின் விலைக்கே கூலி பெற்றாளாயின், அதனை அளவையென்பதா?

உணவை நீக்கிவிட்டே பணவீக்க இலக்கை வகுக்கலாகாதா என 2023-24-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை வினவிற்று. வட்டிவீதம் தக்காளியை விளைவியாது என்பது மெய்யே. எனினும் 2012-ஐ அடியாண்டாகக் கொண்ட குறியீட்டெண்ணில் நாட்டுப்புறத்தார் செலவில் உணவின் பங்கு 54.18 விழுக்காடு, நகரத்தார்க்கு 36.29. பாதிக்கு மேற்பட்டதை ஒதுக்கி எஞ்சியதை மட்டும் அளக்கும் கோல் யாருடைய கோல்?

நம் பொருளியல் மாணாக்கர், கோடை விடுமுறையில் தத்தம் ஊரிற் பத்துக் குடும்பங்களின் செலவை வாரந்தோறும் எழுதிவருவாராயின் நன்று. 2011 முதல் விலையின்றிப் பெறும் அரிசியையும் அவ்வேட்டில் ஒரு வரியாகக் குறித்து, அதற்கெதிரே சுன்னமிடுவதா, கடைவிலையிடுவதா என்பதையும் அவர்களே வாதிட்டுத் துணிக.