நாற்பது பல் கொண்ட சகர்

கபிலவத்துவிலிருந்து ஒரு முறை தாமாகவே வெளியேறிய மனிதரைச் சென்ற இதழின் கட்டுரை இரண்டாம் முறை வலுக்கட்டாயமாக வெளியேற்றியிருக்கிறது. சித்தார்த்த கௌதமர் கங்கைச் சமவெளிக்காரர் அல்லராம். நடு ஆசியப் புல்வெளியில் குதிரையேறித் திரிந்த சகர் இனத்தவராம். வேள்வியை மறுத்ததும் வேதத்தை ஒதுக்கியதும் பிறப்பால் வரும் உயர்வைப் பழித்ததும் அந்த அயல் ரத்தத்தின் வேலையாம். இதற்குக் 'கட்டுடைப்பு' என்ற பெயரையும் கட்டுரையாளர் தாமே சூட்டிக்கொண்டிருக்கிறார். உடைந்தது எது என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம். பாலி நிகாயங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள வாசகர்களும் தமிழில் உண்டு என்பது அவருடைய கணக்கில் வரவில்லை போலும்.

முதலில் அந்தக் கண்டுபிடிப்பாளர் தோரணை. யாரும் துணிந்து சொல்லாததைத் தாம் சொல்வதாக மார்தட்டுகிறாரே, 2015இல் கிறிஸ்டோபர் பெக்வித் 'கிரேக்க புத்தர்' என்ற நூலில் இதே வாதத்தை அடுக்கியிருப்பதை அறியாமலா? அதற்கும் நூறாண்டு முன்னால், 1915இல், பாடலிபுத்திரத்தைத் தோண்டிய ஸ்பூனர் மௌரியரையும் புத்தரையும் ஒருசேர ஈரானியர் ஆக்கிக் காட்டினார். வின்சென்ட் ஸ்மித்துக்குப் புத்தர் கூர்க்கா சாயலுள்ள மங்கோலிய மலைவாசி. வில்லியம் ஜோன்ஸ் சிலைகளின் சுருள்முடியைப் பார்த்து ஆப்பிரிக்கத் தொடர்பு தேடினார். அவர்களுக்கெல்லாம் முந்திய கேம்ஃபர் புத்தரை எகிப்திலிருந்து ஓடிவந்த பூசாரி என்றே கருதினார். எகிப்தியர், ஆப்பிரிக்கர், மங்கோலியர், ஈரானியர், சகர்: இவர் பிறந்திருக்கக்கூடிய இடம் கங்கைச் சமவெளி மட்டும்தான் இல்லை என்பதில் முந்நூறு ஆண்டுகளாக எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்! ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவு அடித்துப்போடும் இந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றுகொண்டு, தாம்தான் முதல் ஆள் என்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

வாதத்தின் அச்சாணி ஓர் ஒலி ஒப்புமை: சகர், சாக்கியர். இரண்டு சொல் ஒன்றுபோல் ஒலித்தால் இரண்டு இனமும் ஒன்று என்னும் இந்த முறையில் உலகத்தையே நம் தெருவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வித்தையை நாம் போதிய அளவு பார்த்தாயிற்று. சொல்லை விட்டுக் காலத்துக்கு வருவோம். முதலாம் டேரியஸின் கல்வெட்டுகளில் சகர் வருகிறார்கள், உண்மை. ஆனால் அப்பேரரசின் கிழக்கு எல்லை சிந்துவோடு நின்றது. சகர் படையெடுத்து வந்து தட்சசீலத்தில் அரசு நிறுவுவது கி.மு. முதல் நூற்றாண்டில். புத்தரின் காலத்துக்குப் பிந்திய கணக்கையே எடுத்துக்கொண்டாலும் இடையில் முந்நூறு ஆண்டு இடைவெளி. அதற்கு முன்பே ஒரு சகர் கூட்டம் யார் கண்ணிலும் படாமல், ஒரு கல்லறையையோ ஓர் ஆயுதத்தையோ ஒரு நாணயத்தையோ விட்டுவைக்காமல், பஞ்சாபைத் தாண்டி, கங்கைப் படுகையைத் தாண்டி, இமயத்தின் அடிவாரத்தில் போய் நெல் பயிரிட்டுக் குடியேறியதாம். தடயம் இல்லாததையே தடயமாகக் காட்டுவது என்ன ஆய்வுமுறை? சகர் உண்மையாகவே வந்த பிறகு பௌத்தர்கள் அவர்களை உறவு கொண்டாடினார்களா என்றால் அதுவும் இல்லை. மிலிந்த பஞ்ஹம் சகரை யவனரோடு சேர்த்து அயல் நாடுகளின் பட்டியலில்தான் வைக்கிறது. தம் ஆசானின் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்றும் அடையாளம் தெரியாத பிக்குகள்!

இந்த இடத்தில் லும்பினித் தூண் குறுக்கே நிற்கிறது. முடிசூடி இருபது ஆண்டான அசோகர் நேரில் வந்து வழிபட்டு, சாக்கிய முனியான புத்தர் பிறந்த இடம் இது என்று பொறித்து, அந்த ஊரின் வரியைக் குறைத்த கல்வெட்டு அது. சகப் படையெடுப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. ஆகவே தூண் போலி ஆகியே தீர வேண்டும், ஆக்கிவிட்டார். காரணம், 1896இல் அது வெளிப்பட்டபோது உடனிருந்த தொல்லியல் அதிகாரி ஃபூரர் ஒரு பேர்வழி. மறுக்கவில்லை, பர்மியத் துறவி ஒருவருக்குக் குதிரைப் பல்லைப் புத்தரின் பல் என்று தள்ளிவிட்டு 1898இல் வேலையை இழந்தவர்தான். ஆனால் அந்தத் தூணை ஏழாம் நூற்றாண்டிலேயே யுவான் சுவாங் பார்த்து, இடி விழுந்து முறிந்தது என்று எழுதிவைத்திருக்கிறாரே, அவரையும் ஃபூரர்தான் ஏற்பாடு செய்தாரா? 1898இல் பிப்ராவா தூபியில் பெப்பே கண்டெடுத்த பேழையின் பிராமி எழுத்துகளும் சாக்கியரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றனவே, கட்டுரையில் அதைப் பற்றி ஏன் மூச்சே இல்லை?

அடுத்தது உடன்பிறந்தார் மணம். ஒக்காக மன்னனால் விரட்டப்பட்ட இளவரசர்கள் குலம் கலந்துவிடக் கூடாதென்று தம் தங்கையரையே மணந்தார்கள் என்று திக நிகாயத்தின் அம்பட்ட சுத்தம் சாக்கியரின் மூலக் கதையைச் சொல்கிறது. பண்டைய ஈரானில் நெருங்கிய ரத்த உறவில் மணம் உண்டு. ஆகவே சாக்கியர் ஈரானியக் கிளை. நல்லது. தசரத ஜாதகத்தில் சீதை இராமனின் தங்கை. அவளே பிறகு பட்டத்தரசி. இராமரையும் ஈரானுக்கு அனுப்பிவிடலாமா? கட்டுரையாளர் அயோத்தியில் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். இலங்கைப் பாலி மரபு சித்தார்த்தருக்கும் யசோதரைக்கும் மாமன் மகள், அத்தை மகன் உறவு காட்டுகிறது. அந்த அளவுகோலின்படி அவர் நம் பக்கத்து மாப்பிள்ளை ஆகிவிட மாட்டாரா? இதை ஆராய்ந்த டிராட்மன், கதை எழுதியவர்கள் தம் வழக்கத்தைக் கதைக்குள் ஏற்றினார்கள் என்ற நிதானமான முடிவுக்கு வந்தார். ஆய்வாளருக்கும் ஆவலாளருக்கும் உள்ள தூரம் அதுதான்.

இன்னும் வேடிக்கை, நிகாயங்கள் எல்லாம் பிற்காலப் பிக்குகளின் கைவேலை, நம்பத் தகாதவை என்று தொடக்கத்திலேயே தள்ளிவிட்டவர்தான் தங்கை மணத்துக்கு அதே நிகாயத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். தமக்கு உதவும் பக்கம் பழையது, உதவாத பக்கம் இடைச்செருகல்!

உருவத்துக்கு வருவோம். புத்தருக்கு நீலக் கண், பொன் மேனி என்று மகாபுருஷ இலக்கணங்களிலிருந்து எடுத்துக்காட்டி, இது புல்வெளி இனத்தின் சாயல் என்கிறார். முப்பத்திரண்டு இலக்கணங்களில் இவருக்குத் தோதானவை இரண்டு மட்டும் எப்படிக் கண்ணில் பட்டன? அதே பட்டியலில் புத்தருக்கு நாற்பது பற்கள். குனியாமல் நின்றபடியே கைகள் முழங்காலைத் தொடும். நாக்கை நீட்டினால் நெற்றி முழுவதும் மறையும். அதை அவர் செய்து காட்டியதாகவும் அம்பட்ட சுத்தமே சொல்கிறது. நாற்பது பல்லும் நெற்றி தொடும் நாக்கும் எந்த இனத்தின் சாயல் ஐயா? காந்தாரச் சிலைகளின் மீசை இன்னொரு சாட்சியாம். அந்தச் சிலைகள் புத்தருக்குக் குறைந்தது நானூறு ஆண்டு பிந்தியவை; சிற்பி தன் ஊராரின் முகத்தைச் செதுக்கினான். அதே குஷாணர் காலத்தில் மதுராவின் சிவந்த மணற்கல்லில் பிறந்த புத்தருக்கு மீசையும் இல்லை, கிரேக்க மடிப்புடையும் இல்லை. அந்தப் படம் கட்டுரையில் இடம்பெறாதது தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் பரந்த மனத்தவன் அல்லன்.

இத்தனை பேரைக் கேட்டவர் சம்பந்தப்பட்டவரை மட்டும் கேட்கவில்லை. சுத்த நிபாதத்தின் பப்பஜ்ஜா சுத்தத்தில், ராஜகிருகத்து மலையில் அமர்ந்திருக்கும் இளம் துறவியிடம் பிம்பிசாரன் நேரில் வந்து பிறப்பைக் கேட்கிறான். இமயத்தின் சாரலில், கோசலத்தைச் சேர்ந்த மக்கள்; கோத்திரம் ஆதித்தம், பிறப்பு சாக்கியம் என்று விடை வருகிறது. மஜ்ஜிம நிகாயத்தில் முதிய கோசல மன்னன் பசேனதி, தானும் கோசலன், பகவரும் கோசலர் என்று சொல்லி நெகிழ்கிறான். அஸ்ஸலாயன சுத்தத்தில், நான்கு வருணமும் இயற்கை என்று வாதிடும் இளைஞனிடம் புத்தர், யவனர், கம்போஜர் போன்ற எல்லைப்புற நாடுகளில் ஆண்டான், அடிமை என இரண்டே பிரிவுதான், ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் உண்டு, கேள்விப்பட்டதில்லையா என்று கேட்கிறார். கம்போஜர் ஈரானிய மொழி பேசியவர்கள். அவர்களைக் கேள்விப்பட்ட தூரதேசத்தாராக எடுத்துக்காட்டும் ஒருவர், அவர்களுடைய பங்காளி என்பதா?

இனி இந்தக் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். சகர் சமத்துவப் பழங்குடி, அந்த ரத்தம்தான் சாதியை எதிர்த்தது என்கிறாரே, சாக்கியர் யார் என்று அவருக்குத் தெரியுமா? பெண் கேட்ட கோசல மன்னனுக்குத் தம் குலப்பெண்ணைத் தர மனமின்றி, அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த வாசபகத்தியாவை இளவரசி என்று அனுப்பிவைத்தவர்கள். அவள் மகன் விடூடபன் கபிலவத்துவுக்கு வந்துபோனபோது அவன் அமர்ந்த ஆசனத்தைப் பாலும் நீரும் விட்டுக் கழுவினார்கள் என்றும், அதற்குப் பழிவாங்க அவன் சாக்கியரை அழித்தான் என்றும் மரபு சொல்கிறது. அவர்களிலிருந்து துறவு பூண வந்த அனுருத்தன், ஆனந்தன் முதலான இளைஞர்கள், தங்கள் நாவிதன் உபாலிக்கு முதலில் தீட்சை கொடுங்கள், அவனை நாங்கள் எழுந்து வணங்கினால்தான் எங்கள் சாக்கியச் செருக்கு அடங்கும் என்று கேட்டுக்கொண்டதாக விநயம் பதிவு செய்கிறது. நாவிதர் மூத்தவரானார், இளவரசர்கள் வணங்கினார்கள். சாக்கிய ரத்தம் சமத்துவம் பேசியதாம்! அந்த ரத்தத்தின் திமிரை எதிர்த்துத்தான் சாக்கிய முனி பேசினார்.

கடைசிப் பத்தியில், ஆகவே புத்தர் இந்தியருமல்லர், நேபாளியருமல்லர் என்று தீர்ப்பு. அந்தச் சண்டையில் எனக்கும் அக்கறை இல்லை. 2020இல் இந்திய வெளியுறவு அமைச்சர் புத்தரை மாபெரும் இந்தியர் என்றதும் காத்மாண்டு கொதித்தது. லும்பினி நேபாளத்தில் இருப்பதில் ஐயமில்லை என்று டெல்லி விளக்கம் தந்தது. 1816இல் உறுதியான சுகௌலி உடன்படிக்கையும் பின்வந்த திருத்தங்களும் போட்ட எல்லைக்கோடு பழைய சாக்கிய நிலத்தின் ஊடே போகிறது. கபிலவத்து நாங்களே என்று அப்பக்கம் திலௌராகோட்டும் இப்பக்கம் பிப்ராவாவும் உரிமை கோருகின்றன. இரண்டு கடவுச்சீட்டும் பொருந்தாது என்பது சரி. அதற்காக மூன்றாவதாக ஒரு போலிக் கடவுச்சீட்டு அச்சடிப்பானேன்?

ஏனென்றால் அதில் ஒரு வசதி இருக்கிறது. சாதியை மறுக்கும் அறிவு இந்த மண்ணில் விளையாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று நிறுவிவிட்டால், சாதி இந்த மண்ணின் இயற்கை ஆகிவிடுகிறது. அதை எதிர்ப்பவன் என்றென்றைக்கும் அந்நியன் ஆகிவிடுகிறான். வைதிகம் இரண்டாயிரம் ஆண்டாக முயன்று, அவதாரக் கணக்கில் சேர்த்தும் தீராத தலைவலியை, முற்போக்குச் சட்டை போட்ட கட்டுரையாளர் ஒரே கட்டுரையில் தீர்த்துத் தருகிறார். ஒருவன் என்ன நினைப்பான் என்பதை அவன் பிறப்பு தீர்மானிக்கிறது என்பதைவிட அசலான வருணக் கோட்பாடு வேறு உண்டா? ஆறுகள் கடலில் கலந்து பெயரிழப்பதுபோல நான்கு வருணத்தாரும் சங்கத்தில் குலப்பெயர் இழந்து 'சாக்கிய புத்திரர்' ஆகிறார்கள் என்றது பௌத்தம். 1898இல் சென்னையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டபோது, உறுப்பினராக வந்தவர்களிடம் யாரும் இமயச் சாரலின் ரத்தச் சான்றிதழ் கேட்கவில்லை. அவர்களுக்குப் புரிந்தது இவருக்குப் புரியவில்லை. நாளையே சகர் கல்லறை ஒன்று லும்பினியில் கிடைத்தாலும் கட்டுரையாளர் வெல்லப்போவதில்லை. பிறப்பைக் கேட்காதே, நடத்தையைக் கேள் என்ற மனிதரிடம் அவர் கேட்டது பிறப்பைத்தான்.