அண்டை வீட்டான் யார்?

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைச் சாரலிலே ஹுவாராஸ் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரினர் சவுல் லூசியானோ லியூயா. உழவர், மலையேற வருவோர்க்கு வழிகாட்டியுமாவார். அவர் 2015 நவம்பரில் ஜெர்மனி சென்று எஸ்ஸன் நகரக் கோர்ட்டிலே ஒரு வழக்குத் தொடுத்தார். பிரதிவாதி யார் தெரியுமா? ஆர்.டபிள்யூ.இ. என்னும் மாபெரும் மின்சாரக் கம்பெனி! 1898-ல் தோன்றி, நிலக்கரியை எரித்து எரித்தே வளர்ந்த கம்பெனி அது. பெரு நாட்டில் அதற்கு ஒரு மின் நிலையம்கூடக் கிடையாது.

"இதென்ன வேடிக்கை! எங்கோ எரித்த கரிக்கு எங்கோ இருப்பவன் வழக்காடுவதா?" என்று நம் சங்கக் கூட்டத்திலே நண்பர் ஒருவர் நகைத்தார். நகைக்கட்டும். ஆனால் அந்த உழவரின் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்துகொண்டு நகைப்பது நலம்.

ஹுவாராசுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பல்காகோச்சா என்ற ஏரி இருக்கிறது. பனிப்பாறை உருகிய நீரே அந்த ஏரி. 1941 டிசம்பரில் அதன் கரை உடைந்தது. குறைந்தது 1,800 உயிர்கள் மாண்டன. பிறகு நீரை வடித்துக் கரையைப் பலப்படுத்தினார்கள். 1974-ல் ஏரியில் இருந்தது சுமார் 5 இலட்சம் கன மீட்டர் நீர். 2009-ல் அதே ஏரியில் சுமார் 1 கோடியே 70 இலட்சம் கன மீட்டர்! பூமி சூடேறுகிறது, பனி பின்வாங்குகிறது, பின்வாங்கிய இடமெல்லாம் நீர் நிரம்புகிறது. பெரிய பனிப்பாளம் ஒன்று சரிந்து ஏரியில் விழுந்தால் போதும், அலை கரையைத் தாண்டி ஊரை நோக்கி ஓடிவரும். அந்த வழியிலே குடியிருப்போர் சுமார் 50,000 பேர்.

லூசியானோ கோடிகளைக் கேட்கவில்லை. தொழிற்புரட்சிக் காலந்தொட்டு உலகத் தொழில்கள் வெளியிட்ட கரியமில வாயுவில் இந்த ஒரு கம்பெனியின் பங்கு 0.47 சதவிகிதம் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருந்தது. ஏரியைக் காக்கும் செலவிலும் அதே 0.47 சதவிகிதத்தைக் கொடு என்றார். ஏறக்குறைய 17,000 யூரோ. அத்தகைய கம்பெனிக்கு அது கால் தூசு. ஆயினும் கொடுக்க மறுத்தது. ஏன்? தொகை சிறிது, தத்துவம் பெரிது என்பது அதற்கும் தெரியும். ஒருவருக்குக் கொடுத்தால் உலகமே வாசலில் வந்து நிற்குமன்றோ?

அவர் பிடித்த சட்டம் புதியதன்று. 1900-ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சிவில் சட்டத்தின் 1004-ஆம் பிரிவு. பக்கத்து வீட்டுக்காரனின் செய்கையால் என் சொத்துக்கு இடையூறு நேர்ந்தால் அதை நீக்குமாறு அவனை நான் கேட்கலாம் என்பதே அதன் சாரம். சுவர்ச் சண்டைக்கும் மரக்கிளைச் சண்டைக்கும் உதவிய சட்டத்தை அவர் கடல் தாண்டி எடுத்துச் சென்றார்.

எஸ்ஸன் கோர்ட்டு 2016 டிசம்பரில் வழக்கைத் தள்ளியது. உலகெங்கும் எண்ணற்றோர் வெளியிட்ட வாயு ஒன்றாகக் கலந்தபின், இன்னார் விட்ட புகையால் இன்ன ஆபத்து என்று பிரிக்க இயலாதாம்! பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்தால், எவன் அடியால் எலும்பு முறிந்தது என்று தெரியாததால் பத்துப் பேரையும் விட்டுவிடுவதா? என் மனம் இதை ஏற்கவில்லை. ஹாம் நகர மேல் கோர்ட்டும் ஏற்கவில்லை. 2017 நவம்பரில் சாட்சியம் கேட்போம் என்றது. 2022 மே மாதம் நீதிபதிகளே ஹுவாராசுக்குப் போய் ஏரியைப் பார்த்தார்கள்.

2025 மே 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. லூசியானோ தோற்றார். அடுத்த 30 ஆண்டில் அவர் வீட்டை வெள்ளம் வந்தடையும் வாய்ப்பு சுமார் 1 சதவிகிதமே என்று கோர்ட்டின் நிபுணர் கூறினார். வாதி தரப்பார் அக்கணக்கை மறுத்தும் பயனில்லை. ஆனால் அதே தீர்ப்பு, பெருமளவில் வாயு வெளியிடும் கம்பெனிகள் இத்தகைய ஆபத்துக்கு இச்சட்டப்படி பொறுப்பாகக் கூடும், தூரம் ஒரு தடையன்று என்றும் கூறிவிட்டது.

இதை வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு. நான் அவர்களுடன் சேரமாட்டேன். பத்தாண்டு அலைந்தவர்க்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கோர்ட்டு ஒரு வீட்டைத்தான் அளந்தது, ஊரை அளக்கவில்லை. எனினும், அடுத்து வருபவர்க்குக் கதவு திறந்திருக்கிறது.

"விளக்கெரிக்கும் நாமும் குற்றவாளிகள்தாமே?" என்பது நண்பரின் அடுத்த கேள்வி. இல்லை என்கிறேன். எரிபொருளால் உலகம் சூடேறும் என்று எக்ஸான் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், தம் மேலதிகாரிகளுக்கு 1977-லேயே எடுத்துரைத்தார். விளக்கெரித்தவனுக்கு யார் வந்து எடுத்துரைத்தார்கள்? அறிந்து விற்றவனும் அறியாமல் வாங்கியவனும் ஒரு தராசில் நிற்க முடியாது.

கசப்பான பகுதி இனித்தான். கரிக் கம்பெனிகளின் அந்தப் பட்டியலிலே நம் கோல் இந்தியாவும் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தை எண்ணிப் பெருமிதம் கொண்டவர்கள் நம் பாட்டனார்கள். இந்தியர் ஒருவர் தலைக்கு வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு என்பது உண்மை. நம் பங்கு சிறிதாகலாம். பங்கே இல்லை என்று சொல்ல நமக்கு வாயேது? 0.47-க்கு ஜெர்மானியன் 0.47 கொடுக்கட்டும்; நம் கம்பெனிக்கு எவ்வளவோ அவ்வளவை அதுவும் கொடுக்கட்டும். நம்மில் பொறியியல் பயில்வோர் பலர் நாளை இக்கம்பெனிகளில் வேலைக்கு அமரப் போகிறவர்கள். ஆகவே இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

2022 வெள்ளத்தில் விளைச்சலை இழந்த சிந்து மாகாண உழவர்கள், 2025 அக்டோபரில் அதே ஆர்.டபிள்யூ.இ. மீதும் ஒரு சிமெண்டுக் கம்பெனி மீதும் ஜெர்மனியில் வழக்காடப் போவதாக அறிவித்தார்கள். சட்டம் பயிலும் நம் சங்கத்தார் எவரேனும் ஹாம் தீர்ப்பைத் தமிழிலே சுருக்கித் தந்தால், அடுத்த இதழில் ஆசிரியர் குழு இடம் தரும் என நம்புகிறேன்.