கண்ணாடியை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள் என்றால் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எனக்கு ஒரு பயம் வந்தது. மானிட்டரில் எழுத்துகளின் வலப்பக்கம் மெல்லிய நிழல் தெரிந்தது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே புரியவில்லை. கண்ணில் புரை முற்றிவிட்டது என்று நானே முடிவு செய்து மருத்துவரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, "உங்கள் வயதுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது சார். பேப்பர் படிக்க முடிகிறதா?" என்றார். முடிகிறதே! தாளில் தெளிவாகத் தெரியும் எழுத்து மானிட்டரில் மட்டும் கலங்கினால் கோளாறு கண்ணில் இல்லை. இத்தனை வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

மணவாள நகர் வீட்டுக்கு வந்து மானிட்டரின் பின்புறம் பார்த்தேன். நீல நிற முனை, இரண்டு பக்கமும் திருகு. பழைய விஜிஏ கேபிள். பக்கத்திலேயே எச்டிஎம்ஐ துளை சும்மா கிடந்தது. கேபிளை மாற்றினேன். நிழல் போய்விட்டது.

அடுத்த வாரம் பழைய மாணவன் ஒருவன் பேசினான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் திரையில் எழுத்து மங்குகிறது என்கிறாளாம். கண்ணாடி மாற்றியும் அதே புகார். "படிக்கச் சோம்பல், சாக்கு சொல்கிறாள் சார்" என்றான். வீடியோ காலில் மானிட்டரின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அதே நீல முனை. மாற்றியதும் எழுத்து தெளிந்தது. "அவளைத் திட்டிவிட்டேனே சார்" என்றான். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

விஷயம் இதுதான். விஜிஏ என்பது 1987-இல் ஐபிஎம் கொண்டு வந்த அனலாக் இணைப்பு. அன்றைய பெட்டி மானிட்டரும் அனலாக் என்பதால் பொருத்தமாக இருந்தது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் பிரகாசமும் 0 முதல் 0.7 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாகப் போகிறது. வழியில் சிறிது குழப்பம் நேர்ந்தாலும் படம் மாறும். இன்றைய தட்டை மானிட்டரோ டிஜிட்டல். கம்ப்யூட்டரில் எண்ணாக இருப்பதை மின்னழுத்தமாக்கி அனுப்பி, மானிட்டரில் மறுபடி எண்ணாக்குகிறோம். தமிழில் எழுதியதை இந்தியில் பெயர்த்து, அதைத் திரும்பத் தமிழாக்குவது போல. எதற்கு இந்த வேலை?

டிவிஐ (1999), எச்டிஎம்ஐ (2002), டிஸ்ப்ளேபோர்ட் (2006) மூன்றிலும் எண் எண்ணாகவே போய்ச் சேரும். நம் மின்சார ரயில் இரைச்சலில் எதிர் சீட்டுக்காரர் பாடினால் சுருதி பிடிபடாது. ஆனால் 'ஆமாம்', 'இல்லை' என்று கத்தினால் புரிந்துவிடும். அதுதான் வித்தியாசம்.

"எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். சின்னத் திரை, குட்டையான நல்ல கேபிள் என்றால் தெரியாது. 1920 × 1080 திரையில், நீளமான மலிவுக் கேபிளில்தான் தெரியும். டிஜிட்டல் கேபிளும் கெடும். ஆனால் கெட்டால் படம் விட்டு விட்டு வரும், புள்ளி மின்னும், இல்லையேல் திரை கறுத்துவிடும். கெட்டதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். அனலாக் சத்தமில்லாமல் மங்கும். நாம் கண்ணைக் குறை சொல்வோம், பிள்ளையைக் குறை சொல்வோம்.

ஆகவே என் கருத்து: இரண்டு பக்கமும் டிஜிட்டல் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெட்டியோடு வந்தது என்பதற்காக விஜிஏ கேபிளைச் செருகாதீர்கள். தங்க முலாம் பூசியது என்று விலை கூட்டிச் சொன்னாலும் வாங்க வேண்டாம். இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரணக் கேபிளே போதும். மாற்றிய பின் படம் வராவிட்டால் பயப்படாமல் மானிட்டர் பொத்தானில் இன்புட்டை மாற்றுங்கள்.

அதற்காகப் பழையதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று நம் காக்களூரில்தான் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிற்பாடு அப்படிப் பெற்ற மடிக்கணினி திரை உடைந்து உங்கள் பரணில் கிடந்தால், ஒரு மானிட்டரோடு இணைத்துப் பாருங்கள். விஜிஏ துளை மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் சரியே. மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள், ஓரளவு தெளியும். விஜிஏ மட்டுமே உள்ள மானிட்டருக்கு எச்டிஎம்ஐ மாற்றி வாங்கினால் படம் வரும், ஆனால் தெளிவு கூடாது. கடைசித் துண்டு அனலாக்தானே!

இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி மானிட்டரின் பின்புறம் பாருங்கள். மாற்றியும் மங்கலாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். முக்கியமாக, பிள்ளை "எழுத்து சரியாகத் தெரியலை" என்றால் முதலில் நம்புங்கள்.

நலமாக இருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கியவர்களும் கேட்கலாம்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்