சென்னையைவிட அருகில் உள்ள தாஷ்கண்ட்

தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் அதைவிட அருகில் உள்ளது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 1,580 கிலோமீட்டர்தான். விமானத்தில் சென்றால் ஏறத்தாழ 3 மணி நேரப் பயணம். ஆனால், இடையே பாகிஸ்தான் இருக்கிறது.

பஹல்காமில் 2025 ஏப்ரல் 22-ல் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. அதற்கு அடுத்த நாள் இந்திய விமானங்களுக்குத் தனது வான்வெளியைப் பாகிஸ்தான் மூடியது. ஏப்ரல் 30-ல் இந்தியாவும் அவ்வாறே செய்தது. சில தினங்களுக்குள் தில்லியிலிருந்து தாஷ்கண்ட், அல்மாட்டி நகரங்களுக்கான சேவைகளை இண்டிகோ நிறுவனம் நிறுத்திவிட்டது. தெற்கே இறங்கி, அரபிக்கடலையும் ஈரானையும் சுற்றிச் செல்லும் அளவுக்கு அதன் சிறிய விமானங்களுக்குத் திறன் இல்லை. மாதந்தோறும் நீட்டிக்கப்பட்ட அந்தத் தடை, 2025 முடிந்தபோதும் விலகியிருக்கவில்லை. பிற நாட்டு நிறுவனங்களுக்கோ இத்தடை பொருந்தாது. பயணி இந்தியர்தான், விமானம் அயல்நாட்டினுடையதாக இருந்தால் நேர்வழி, நம்முடையதாக இருந்தால் சுற்றுவழி. இதனால் லாபம் அடைந்தது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது புதிய கதையுமல்ல. தில்லி - காபூல் விமானங்கள் தன் நிலப்பரப்பின் மீது பறக்கப் பாகிஸ்தான் அனுமதி மறுத்ததால், 1952-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இந்தியா முறையிட்டது. 1971-ல் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதும் இந்தியா தன் வான்வெளியை மூடியது. மேற்கு பாகிஸ்தானிலிருந்து டாக்கா செல்ல வேண்டிய விமானங்கள் கொழும்பு வழியாகச் சுற்ற நேர்ந்தது. இம்முறை முறையிட்டது பாகிஸ்தான். அந்த அமைப்புக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று வாதிட்டதோ இந்தியா! அந்த வாதத்தைச் சர்வதேச நீதிமன்றம் 1972-ல் நிராகரித்தது.

2019-லும் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் ஜூலை 16 வரை பாகிஸ்தான் வான்வெளி அடைபட்டிருந்தது. ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் ரூ. 491 கோடி இழப்பு என்று மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. தனக்கும் 850 கோடி ரூபாய், அந்நாட்டு நாணயத்தில், இழப்பு என்று பாகிஸ்தான் ஒப்புக்கொண்டது.

பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாட்டுக்குப் பதிலடி கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால், வான்வெளித் தடையின் சுமை ராவல்பிண்டியில் உள்ள தளபதிகள் மீது விழுவதில்லை. மத்திய ஆசியாவில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் மீதும் வணிகர்கள் மீதும்தான் விழுகிறது.

1965 போரில் நின்றுபோன வான்வழிப் போக்குவரத்து, 1966 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதற்கு வழிவகுத்தது, லால் பகதூர் சாஸ்திரி தமது கடைசி நாளில் கையெழுத்திட்ட தாஷ்கண்ட் பிரகடனம். ராணுவ விமானங்கள் எல்லையருகே பறப்பது குறித்து 1991-லேயே இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ல் பரிமாறி வருகின்றன. கார்கில் போரும் மும்பைத் தாக்குதலும் கூட அவ்வழக்கத்தைக் குலைக்கவில்லை. பயணிகள் விமானங்களுக்கும் இத்தகைய உடன்பாடு ஒன்றைக் காண, அதிகாரிகள் அளவிலேனும் பேச்சு நடத்த மத்திய அரசு முன்வர வேண்டும்.