மூன்று முறை விலைபோன பூசணிக்காய்



இங்கிலாந்தில் ஓல்னி என்று ஒரு சின்ன ஊர். கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அங்கே பெண்கள் வாணலியில் பேன்கேக்கைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தீர்க்கச் சுடுகிற பலகாரம் அது. 1445-ல் கோயில் மணி கேட்டு ஒருத்தி அடுப்படியிலிருந்து வாணலியோடே ஓடினாளாம். அதிலிருந்து வந்த வழக்கம் என்கிறார்கள். இப்போது பிரிட்டனில் பல ஊர்களில் இந்த ஓட்டத்தை வைத்தே தர்ம காரியங்களுக்குப் பணம் சேர்க்கிறார்கள். லண்டனில் எம்.பி.க்களும் வாணலி பிடித்து ஓடுகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களின் அறுப்பின் பண்டிகை ஏலம்தான் ஞாபகம் வந்தது. வாழைத்தார், கருப்பட்டி, நாட்டுக்கோழி, முட்டை என்று அவரவர் வீட்டு விளைச்சல் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சின்ன வயதில் பக்கத்து வீட்டாரோடு போய் நின்றிருக்கிறேன். ஒரு ஆச்சி தன் வீட்டுக் கூரையில் காய்த்த பூசணிக்காயைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். ஏலம் எடுத்தவர், "கோயிலுக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ஆள்தான் வீட்டுக்குத் தூக்கிப் போனார். ஒவ்வொரு விலைக்கும் ஆச்சி விரல் மடக்கிக்கொண்டே இருந்தாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவளால் அவ்வளவு ரூபாய் கொடுத்திருக்க முடியாது. ஆனால் கொடுத்தவள் அவள்தான்.

விருந்து வைத்தும் பணம் சேர்ப்பதுண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வருகிற மொய்யை நோட்டில் எழுதி, பின்னால் திருப்பிச் செய்கிற ஏற்பாடு. 2024-ல் வயநாட்டில் நிலச்சரிவில் ஊர்கள் மண்ணில் புதைந்தபோது திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை அதே பேரில் விருந்து வைத்தது. பில் கிடையாது, சாப்பிட்டவர்கள் மனசுக்குத் தோன்றியதை வைத்தார்கள், அத்தனையும் வயநாட்டுக்கு. திரும்ப வராத மொய். உண்டியலை நீட்டினால் தயங்குகிற கை, இலை போட்டு உட்காரவைத்தால் தயங்குவதில்லை.

தச்சநல்லூரில் நாமும் ஒரு சாயங்காலம் கூடினால் என்ன? ஓட்டமெல்லாம் வேண்டாம், சுடுகிற தோசைக்கல்லோடு யாரும் ஓட முடியாது. தெருவில் வரிசையாக அடுப்பு வைத்துத் தோசை சுட்டுப் போடுவோம். சேர்கிற பணம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு, பை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு. கல்லும் மாவும் எங்கள் பொறுப்பு. தோசை சுட யார் யார் வருகிறீர்கள், எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் யார் வீட்டிலிருந்து என்று இந்த மாதமே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்